பிளட் கல்ச்சருக்கு காத்திருக்காம நேரா ரத்தத்துலயே பிசிஆர் போட முடியாதா?

லேப்_மாணவி:
எம்எல்டி (லேப் டெக்னாலஜி) ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். செப்சிஸ் (கிருமித் தொற்று முத்தி உயிருக்கே ஆபத்தான நிலை) பேஷன்டுக்கு பிளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்குற கிருமியை வளர்த்துப் பாக்குறது) பாட்டில் பாசிட்டிவ் ஆகவே பல நேரம் ஒரு நாள் கிட்ட ஆகுது, அப்புறம் எந்த மருந்து கேக்கும்னு தெரிய இன்னும் ஒண்ணு ரெண்டு நாள். பிசிஆர் பேனல்ல (பல கிருமிகளோட டிஎன்ஏவை ஒரே தடவைல தேடுற டெஸ்ட்) ஒரு மணி நேரத்துல கிருமி பேரே வந்துடுதாமே, அப்ப ரத்தத்தை நேரா மெஷின்ல வைக்க வேண்டியதுதானே?

மைக்ரோ_அண்ணன்:
நல்ல கேள்விம்மா. அந்த ஒரு மணி நேரம் பாட்டில் பாசிட்டிவ் ஆனதுக்கு அப்புறம் ஓடுறது, அதை யாரும் சேர்த்துச் சொல்றதில்ல. பெரியவங்க ரத்தத்துல பெரும்பாலும் 1 மில்லிக்கு 10 கிருமி கூட இருக்காது, பிசிஆருக்கு எடுக்குற கொஞ்சூண்டு ரத்தத்துல அது சிக்காமலே போயிடலாம், போதாததுக்கு நம்ம வெள்ளை அணுக்களோட டிஎன்ஏ மலை மாதிரி கெடக்கு, ஹீமோகுளோபின் வேற ரியாக்‌ஷனைக் கெடுக்கும். பாட்டில்ல வளர்ந்தா 1 மில்லிக்கு கோடிக்கணக்குல ஆயிடும், அதான் அங்க ஈசியா பிடிக்குது. நேரா ரத்தத்துலயே பாக்குற டி2 பாக்டீரியா டெஸ்டுக்கு 2018ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கொடுத்துச்சு, சில மணி நேரத்துல ரிசல்ட் வரும். ஆனா அது தேடுறது விரல் விட்டு எண்ணக்கூடிய கிருமிகளை மட்டும்தான், வேற கிருமி இருந்தா நெகட்டிவ்னே காட்டும்.

நைட்_ட்யூட்டி:
மெஷினுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். ராத்திரி 11 மணிக்கு பாட்டில் பாசிட்டிவ்னு அலாரம் அடிக்கும், லேப்ல ஆள் இருக்காது, காலைல 8 மணிக்குதான் கிராம் ஸ்டெயின் (சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல கிருமி வகையைப் பாக்குறது) போடுவாங்க, 9 மணி நேரம் அப்படியே போச்சு. நான் முன்னாடி இருந்த இடத்துல இதை எத்தனையோ தடவை பாத்து மனசு நொந்திருக்கேன். ஸ்டெயின் போட 10 நிமிஷம், டாக்டருக்கு ஒரு போன், அவ்வளவுதான். ரத்தமும் அப்படித்தான், பாட்டிலுக்கு 8ல இருந்து 10 மில்லி போகணும், 3 மில்லி விட்டுட்டு ரிப்போர்ட் நெகட்டிவ்னா யாரைக் கேக்குறது?

மருந்து_அக்கா:
பேனல்ல ஸ்டாஃப் ஆரியஸ்ங்கிற கிருமி வந்து, மருந்தை எதிர்க்க வைக்கிற மெக்-ஏ ஜீன் இல்லன்னா வான்கோமைசின் ஆன்டிபயாட்டிக்கை விட்டு செஃபாசோலினுக்கு மாறலாம், அது பெரிய லாபம். ஆனா கிராம் நெகட்டிவ் (கிராம் ஸ்டெயின்ல சிவப்பா தெரியுற வகை) கிருமில ரெசிஸ்டன்ஸ் ஜீன் (மருந்தை எதிர்க்குற ஜீன்) காணோம்னா மருந்து கேக்கும்னு அர்த்தம் எடுத்துடாதீங்க, பேனல்ல இல்லாத வழியிலயும் அதுங்க தப்பிக்கும். யூகாஸ்ட் (எந்த மருந்து கேக்கும்னு பாக்குற டெஸ்டுக்கு விதி போடுற ஐரோப்பிய குழு) முறையில பாசிட்டிவ் பாட்டில்ல இருந்தே கிருமியைத் தட்டுல பரப்பி மருந்து டிஸ்க் வச்சு 4, 6, 8 மணி நேரத்துல ஜோன் (டிஸ்கைச் சுத்தி கிருமி வளராத வட்டம்) அளக்கலாம், பெரிய மெஷின் எதுவும் வேணாம்.

லேப்_மாணவி:
ரொம்ப நன்றி. எங்க பாட்டில்ல எவ்வளவு ரத்தம் வருதுன்னு எப்படிப் பாக்குறது?

நைட்_ட்யூட்டி:
எடை போடும்மா. ரத்தம் விடாத புது பாட்டிலோட (உள்ள இருக்குற திரவத்தோட சேர்த்து) எடையைக் கழிச்சா மிச்சம் ரத்தம், 1 மில்லி கிட்டத்தட்ட 1 கிராம்.