மறு: நினைவகத்தின் ‘டைமிங்’ – எச்சொல்லைக் கொள்வது?

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் தமிழ்வழி மேனிலை மாணவர்களுக்கான வன்பொருள் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. கணினியைத் தொடங்கியதும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பற்றிய இயல் மட்டும், நினைவகத்தின் ‘டைமிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் முடிவாகாமல் நிற்பதால், நீங்கள் முன்வைத்த சொற்களைப் பற்றி என் கருத்தைச் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

பயாஸ் திரையில் மாணவர் காண்பது 16-18-18-36 என்பது போன்ற எண்வரிசை. இவை நேர அளவுகள் அல்ல. ஒவ்வொரு செயலுக்கும் நினைவகம் அதன் கடிகாரத்தின் எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்னும் எண்ணிக்கைகள். படிக்கும் கட்டளைக்கும் தரவின் வருகைக்கும் இடைப்பட்டதே முதலெண். டிடிஆர்4-3200 என்னும் வகை நினைவகத்தில் ஒரு துடிப்பு 0.625 நானோநொடி, ஆகவே 16 துடிப்பு 10 நானோநொடி. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-6000இல் முதலெண் 30 என்றாலும், துடிப்பு மூன்றிலொரு நானோநொடியாகச் சுருங்கிவிடுவதால் அங்கும் அதே 10தான். முன்மொழிவுகளுள் ஒன்றான ‘நேரவமைவு’ என்று எழுதினால், 30ஐக் கண்ட மாணவர் புதியது மெதுவானது என்றே முடிவு கட்டுவார். அதனால் அச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

கொழிஞ்சாம்பாறை நண்பரின் ‘தாமதம்’ எளியதுதான். ஆனால் நம் பிள்ளைகள் மலையாளமும் பேசி வளர்பவர்கள். அவர்கள் காதில் அது ‘தாமசம்’ ஆகிவிடும். மலையாளத்தில் தாமசத்துக்குக் காலத்தாழ்வு, குடியிருப்பு என இரு பொருளும் உண்டு. தரவு தங்கும் இடத்தைப் பற்றிய பாடத்திலேயே இக்குழப்பம் நேரக்கூடாது. இக்காத்திருப்பைக் குறிக்கும் ‘லேட்டன்சி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் ‘மறைந்திருத்தல்’ உள்ளது என்று ‘உள்ளுறை’யைப் பரிந்துரைத்த அன்பருக்கு: நினைவகம் இங்கே எதையும் மறைக்கவில்லை, காத்திருக்கிறது, அவ்வளவே.

புலவர் ஐயாவின் ‘மாத்திரை’ என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்னும் தொல்காப்பிய நூற்பாவைப் படித்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என எண்ணிப் பழகியவர்களுக்கு அது உடனே விளங்கும். வடமொழித் தொடர்பைக் காட்டி அதை விலக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை; தொல்காப்பியர் ஆண்ட சொல் நமக்குப் புறம்பாகாது. எனினும் மாத்திரை பொருந்துவது துடிப்புக்கு, காத்திருப்புக்கு அன்று.

எனவே, கழியும் நேரத்துக்குச் ‘சுணக்கம்’ என்றும், பயாஸில் இடும் எண்ணுக்குச் ‘சுணக்கவெண்’ என்றும் கொள்ளலாம் என்பது என் துணிபு. ‘காத்திருப்பெண்’ என்றால் ஈற்றில் ‘பெண்’ ஒலித்து வகுப்பே திசைமாறிவிடும். சுணக்கவெண்ணில் அத்தொல்லை இல்லை. மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் பெறும் இயல்பான புணர்ச்சி. அணுவெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கத் தக்க சொல்.

கடைசி எண்ணான 36, நினைவகத்தில் தரவு அடுக்கிய கிடைவரிசை ஒன்றைத் திறந்தபின் அதை மூடுமுன் கழிய வேண்டிய குறைந்தபட்ச அளவாயிற்றே, அது எப்படிச் சுணக்கமாகும் என்று புலவர் ஐயா கேட்டிருந்தார். மூடுவதற்குக் காத்திருப்பதும் சுணக்கமே என்றேன், அவர் இசையவில்லை. இந்த இடத்தில் அவர் மறுப்பு வலுவானது என்பதையும் பதிவுசெய்கிறேன்.

கையேட்டில் ‘சுணக்கவெண்’ முதலிலும், கடைக்காரர் வாயில் வழங்கும் ‘டைமிங்’ அதனருகிலும் இடம்பெறும். இதைவிடத் தெளிவான சொல் எவரிடமேனும் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.