நூலகத்தை விட்டு ஆவண மேலாண்மைக்குப் போகலாமா?

அலமாரி: எம்.லிப் முடித்துவிட்டு ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். சம்பளம் ஏறவே இல்லை, அட்மிஷன் நேரத்தில் மாணவர் பிடிக்கவும் அனுப்புகிறார்கள். ஒரு மருந்து கம்பெனியில் ஆவண மேலாண்மை வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போகலாமா?

கோலன்: தாராளமாகப் போங்க. வகைப்படுத்துவது, மெட்டாடேட்டா (எது, யாருடையது, எப்போதையது என்ற விவரக் குறிப்பு) எழுதுவது, கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுப்பது, எல்லாம் நாம் படித்ததுதானே. புத்தகத்துக்குப் பதில் கோப்பு, அவ்வளவுதான்.

பதிவறைவாசி: அவ்வளவுதான் இல்லை சார். நம் அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்தால் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் பதிவறைக்கு அனுப்புவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். எப்போது அழிப்பது என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. நூலகர் ஒரு புத்தகத்தைக் கழிக்க நூறு தடவை யோசிப்பார்; இங்கே கெடு தாண்டியும் வைத்திருந்தால் அதுவே தப்பு. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் சொன்ன முதல் விதி நூல்கள் பயன்படுத்தவே என்பது. ஆவணத்தில் முதல் கேள்வியே இதை யாரெல்லாம் பார்க்கக் கூடாது என்பதுதான்.

கோலன்: கழிப்பது நூலகத்திலும் உண்டே? சும்மா பயமுறுத்தாதீங்க.

பதிவறைவாசி: புத்தகத்தைத் தப்பாகக் கழித்தால் இன்னொரு பிரதி வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது, விதியை மீறி அழித்தால் 5 ஆண்டு வரை சிறை. தனியார் கம்பெனி என்றாலும் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இவர் போகப்போவது மருந்து கம்பெனி. அமெரிக்காவுக்கு அனுப்பும் மருந்து என்றால் பேட்ச் ரெக்கார்டு, அதாவது ஒவ்வொரு தொகுதி மருந்தையும் தயாரித்த விவரப் பதிவு, அதன் காலாவதித் தேதிக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டு கையில் இருக்க வேண்டும். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வாளர் கேட்கும்போது தேடுகிறேன் என்று சொல்ல முடியாது.

ஷார்ஜாக்காரன்: இரண்டு பேரும் வேலையின் பெயரையே விட்டுவிட்டீர்கள். ரெக்கார்ட்ஸ் மேனேஜர் என்று தேடினால் விளம்பரம் அபூர்வம், டாக்குமென்ட் கன்ட்ரோலர் என்று தேடுங்கள், வளைகுடாவில் கட்டுமானத்திலும் எண்ணெய் நிறுவனங்களிலும் அதுதான் பெயர். சைட்டில் இருக்கிற வரைபடம் கடைசியாகத் திருத்திய ரிவிஷன்தானா, டிரான்ஸ்மிட்டல் (ஆவணங்களோடு அனுப்பும் விவரச் சீட்டு) போய்ச் சேர்ந்ததா, நாள் முழுக்க இதே பாடு. பக்கத்து நாற்காலியில் பி.காம் படித்த பையன் இதே வேலையை இதே சம்பளத்துக்குப் பார்க்கிறான். எம்.லிப்புக்கு என்று தனி மரியாதை கிடையாது.

கோலன்: பட்டம் போதாதென்றால் தேசிய ஆவணக் காப்பகம் தில்லியில் ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது, குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. ஆவண மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 15489ஐப் புரட்டிவிட்டுப் போனாலே நேர்முகத்தில் பேசலாம்.

பதிவறைவாசி: கையில் வேலை வருகிற ஆளை ஒரு வருஷம் தில்லிக்கு அனுப்புகிறீர்களே! குறுகிய காலப் பயிற்சி சரி. ஆனால் எந்தப் படிப்பிலும் வராத ஒன்று இருக்கிறது. நூலகத்துக்கு வாசகர் தேடி வருவார். இங்கே யாரும் வர மாட்டார்கள், நீங்கள்தான் ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் போய், உங்கள் மெயிலில் கிடக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் பொது இடத்தில் போடுங்கள் சார் என்று நச்சரிக்க வேண்டும். அவர்கள் உங்களைவிடப் பெரிய பதவியில் இருப்பார்கள்.

அலமாரி: நோ டியூ சான்றிதழுக்காகப் பேராசிரியர்களிடம் புத்தகம் திருப்பி வாங்கியவன் சார் நான், நச்சரிப்பதில் பிரச்சினை இல்லை. நேர்முகத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?

பதிவறைவாசி: அழிப்புப் பட்டியலில் யார் கையெழுத்துப் போடுவது, வேலை தரக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழா நிர்வாகத்தின் கீழா, இந்த இரண்டையும். நிர்வாகத்தின் கீழ் என்றால் பெரும்பாலும் குடோன் சாவிதான் கைக்கு வரும்.

கோலன்: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கே உட்கார வைத்தாலும் முதலில் உள்ளே போங்க, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஷார்ஜாக்காரன்: சம்பளத்தையும் கேட்டுவிடுங்கள். அதை யாருமே சொல்லவில்லை.