முனையைச் சுற்றக் கரையை ஒட்டிப் போவதா, விலகிப் போவதா?

கேள்வி:
30 அடி பாய்மரப் படகு, நாங்கள் இரண்டு பேர். துறைமுகத்திலிருந்து முனை 25 கடல் மைல். எங்கள் வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்). காலை 6 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்கு முனை. 11.30 வரை நீரோட்டம் சாதகம். பின்காற்று 15 நாட் என்கிறது வானிலை அறிக்கை. முனைக்கு வெளியே வரைபடத்தில் நெளிகோடுகள் இருக்கின்றன. எந்த வழி நல்லது?

பதில் 1:
வழியை விட நேரம்தான் முக்கியம் நண்பரே. அரை மணி நேர இடைவெளி போதவே போதாது. காற்று சற்று தளர்ந்தாலே நீங்கள் போய்ச் சேரும்போது நீரோட்டம் திரும்பியிருக்கும். காற்றும் நீரும் எதிரெதிராக மோதினால் அலை குறுகி, செங்குத்தாக எழும். அந்த நெளிகோடுகள் அதைத்தான் சொல்கின்றன. ஐந்து மணிக்கே கிளம்புங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் நீரின் வேகமும் குறையும்.

பதில் 2:
11.30 எந்த இடத்துக்கான நேரம்? துறைமுகத்தில் ஓதம் (கடல் நீர்மட்ட ஏற்றம்) உச்சத்துக்கு வரும் நேரமும் முனையில் ஓட்டம் அடங்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள்.

கரையோரமாகப் போகச் சொல்பவர்கள் இருப்பார்கள். பகல் வெளிச்சம், அடங்கிய அலை, நம்பகமான எஞ்சின், அந்த வழியைப் பற்றிக் கடல்வழிக் கையேட்டில் தெளிவான குறிப்பு எல்லாம் இருந்தால் மட்டுமே நான் போவேன். இங்கிலாந்தின் போர்ட்லண்ட் பில் முனையில் அப்படி ஒரு உள்வழி உண்டு. ஆனால் முனையின் இரு பக்கமும் 12 மணி நேரத்தில் 9, 10 மணி நேரம் நீர் தெற்கே ஓடும். நேரம் தவறியவர்களை நேராகக் கொந்தளிப்புக்குள் தள்ளிவிடும். வலை மிதவையின் கயிறு எஞ்சினின் சுழலியில் (நீரைத் தள்ளும் விசிறியில்) சிக்கினால் அதைவிட மோசம். நெளிகோடுகளுக்கு வெளியே சில மைல் விலகிப் போங்கள்.

கேட்டவர்:
அட்டவணையைப் பார்த்தேன், முனையில் 10.45க்கே திரும்புகிறது! நான்கரைக்குக் கிளம்பி, விலகிப் போகிறோம். 15 நாட் காற்றுக்குப் பாயைச் சுருக்க வேண்டுமா?

பதில் 1:
முனைக்கு முன்பே சுருக்கிவிடுங்கள். பின்காற்றில் 5 நாட் வேகத்தில் போகும்போது அந்த 15 உங்களுக்கு 10 போலத்தான் படும். திரும்பிக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கினால் 16. முனை ஓரத்தில் காற்று கூடி வீசும், 20ஐத் தாண்டலாம். ஆடும் படகில் பெரும்பாயோடு மல்லுக்கட்டுவதை விட, அமைதியான நீரில் சுருக்கி அரை நாட் வேகத்தை இழப்பது மேல். 9 மணிக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பின்தங்கியிருந்தால் எஞ்சினைப் போடுங்கள். அதிலும் எட்டாது என்றால் திரும்பிவிடுங்கள்.