பொருள்: பிசுக்கெடுப்புத் தொட்டியின் ஆவிக்கு என்ன சொல்?

> 'வேப்பர் டிகிரீசிங்' என்பதற்குக் 'கொழுப்பகற்றும் ஆவிமுறை' என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா.

கொழுப்பு என்றால் பாலும் உடம்பும்தான் நினைவுக்கு வரும். ஓசூர்ப் பக்கம் லேத்திலிருந்து இறங்கும் உதிரிபாகத்தில் ஒட்டியிருப்பது பிசுக்கு. ஆகவே 'பிசுக்கெடுப்பு' போதும், எந்த ஷிப்ட் ஆளுக்கும் விளக்கம் தேவைப்படாது.

எனக்கு உறுத்துவது 'ஆவி'. சளி பிடித்தால் நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்கிறவர்கள் நாம். 'ஆவி, எச்சரிக்கை' என்று பலகை வைத்தால் கை சுடாமல் பார்த்துக்கொள்வார்கள், மூச்சைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.

இந்த ஆவி வேறு. பிசுக்கைக் கரைக்கத் தொட்டியில் ஊற்றும் டிரைக்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் 87 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தொட்டியின் அடியில் சூடேற்றி, மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே குளிர்நீர்ச் சுருளை ஓட்டி, எழும் ஆவியை உள்ளேயே நிறுத்துகிறார்கள். ஆவியில் இறக்கிய உதிரிபாகக் கூடையை வெடுக்கென்று தூக்கினால் ஆவியும் கூடவே வெளியேறும். காற்றைப்போல் நாலரை மடங்கு கனம் என்பதால் தரையிலும் பள்ளத்திலும் தேங்கும். கூரை விசிறியை நம்ப முடியாது. தொட்டி விளிம்பிலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே விழுந்த போல்ட்டை எடுக்கக் குனிகிறவருக்கு முதலில் தலை கிறுகிறுக்கும், போதை ஏறினாற்போல் இருக்கும். அப்படியே மயங்கிச் சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. நாள்பட்ட பாதிப்பு தனி: பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதியில் சேர்த்தது. சிறுநீரகப் புற்றுக்குச் சான்று உறுதியாக உள்ளது.

> அப்படியானால் 'நெடி' என்று வைப்போமே, மிளகாய் நெடி மாதிரி?

நல்ல நாட்டுச்சொல் அம்மா, ஆனால் இங்கே வேண்டாம். இதன் வாசனை இனிப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகிவிடும். நெடி தெரியவில்லை, ஆபத்தும் போய்விட்டது என்று ஒருவர் நினைத்தால் அந்தச் சொல்லே அவரை ஏமாற்றிவிடும். 'புகை'யும் சரிவராது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேட வைக்கும்.

என் பரிந்துரை: கலைச்சொல் பட்டியலில் 'கரைப்பானாவி', பலகையில் 'நச்சாவி'. டொலுவீன், ஹெக்சேன் போன்ற மற்றக் கரைப்பான்கள் எல்லாவற்றுக்கும் முதல் சொல் பொதுவாக நிற்கும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் இந்த ஆவி சிதைந்து பாஸ்ஜீன் உண்டாகலாம். அது வாயு, அதை 'நச்சுவளி' என்று பிரித்தே எழுத வேண்டும்.

பலகைக்கு இப்படி:

நச்சாவி.
தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள்.
துணி முகக்கவசம் இதைத் தடுக்காது.

கீழே இதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதுவது ஓசூருக்குக் கட்டாயம். அப்புறம், விளிம்பில் பொருத்தும் உறிஞ்சு குழலுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பட்டறைகளில் ஏதாவது சொல் வழங்கினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். 'விளிம்புறிஞ்சி' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன்.