இரவு 11 மணிக்கு யார் வருவார்?

தலவாக்கலை மெக்கானிக்:
பண்டாரவளை நண்பர் நேற்று எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "மெசின் விற்கிற காலம் முடிந்துவிட்டது. இனிக் கம்பனிகள் மெசினைத் தங்கள் பொறுப்பிலேயே வைத்து, ஓடுகிற மணிக்குக் காசு வாங்கும். நடுவில் நின்று விற்கிற ஏஜென்ட் எதற்கு?" என்கிறார். தேயிலைப் பக்டரியில் 28 வருடம் வேலை செய்தவன் கேட்கிறேன். இரவு 11 மணிக்கு, கொழுந்தைக் காற்றில் வாட்டுகிற தொட்டியின் விசிறி நின்றால் யார் வருவார்?

பண்டாரவளை கணக்கு:
முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள். ரோல்ஸ்-ராய்ஸ் 1962 இலேயே விமான எஞ்சினுக்கு மணிக் கணக்கில் காசு வாங்கியது. எஞ்சின் நின்றால் வருமானம் போவது கம்பனிக்கு. ஆகவே பழுதாகாமல் பார்ப்பது அவர்கள் தலையில். உங்கள் ஏஜென்டுக்கோ மெசின் உடைந்தால்தான் பார்ட்ஸ் வியாபாரம். மெசின் ஓடவேண்டும் என்ற அக்கறை யாருக்கு அதிகம்?

தலவாக்கலை மெக்கானிக்:
1962 இல் அதைத் தொடங்கியது பிரிஸ்டல் சிடிலி, வைப்பர் எஞ்சினுக்கு. அந்தக் கம்பனியை ரோல்ஸ்-ராய்ஸ் வாங்கியது 1966 இல். தெரியாததைத் தெரிந்தமாதிரி எழுதுவது உங்களுக்குப் பழக்கம். போன மாதம் உர விலை பற்றியும் இப்படித்தான் எழுதினீர்கள். சரி, 11 மணிக்கு யார் வருவார்?

பண்டாரவளை கணக்கு:
உரத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று நான் சொன்னதுதான் சரி. பெயரில் தொங்கவேண்டாம், முறையைப் பாருங்கள். ஹில்டி 2000 ஆம் ஆண்டளவில் கட்டட வேலைக் கருவிகளுக்கு மாதக் கட்டணம் கொண்டுவந்தது. பழுதும் திருத்தமும் அதற்குள்ளேயே அடக்கம்.

ஹட்டன் பார்ட்ஸ் கடை:
ஹில்டி தன் சொந்த ஆட்களை வைத்து நேரடியாக விற்கிற கம்பனி. ஏஜென்டை நம்பி விற்கிறவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? மண் வெட்டும் மெசின் செய்கிற கேட்டர்பில்லரைச் சொல்லுங்கள், அங்கே இடத்துக்கு இடம் தனிச் சொந்தக்கார டீலர்தான் விற்கிறார், அவரே திருத்துகிறார்.
என்னிடமும் ஒரு கம்பனி சேவை ஒப்பந்தத்தோடு வந்தது. பேரிங், பெல்ட் எல்லாம் என் காசில் வாங்கி வைக்கவேண்டும். மெக்கானிக் சம்பளமும் என்னுடையது. மாதக் கட்டணம் மட்டும் நேரே அவர்களுக்குப் போகும். பார்ட்ஸ் லாபத்தில்தான் கடை ஓடுகிறது. அதையும் எடுத்துவிட்டு "பங்காளி" என்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

மஸ்கெலியா டீமேக்கர்:
பாவம்தான். 2022 இல் எங்கள் பக்டரிக்கு பெல்ட் விற்றபோது எவ்வளவு லாபம் வைத்தீர்கள்?

ஹட்டன் பார்ட்ஸ் கடை:
டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய வருடம் அது. பில் என்னிடம் இருக்கிறது. வந்து பாருங்கள்.

மஸ்கெலியா டீமேக்கர்:
பில்லை எழுதியதும் நீங்கள்தானே. ஆனால் கொழும்புக் கம்பனிகளும் சளைத்தவை இல்லை. தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கிற கலர் சோட்டர் மெசினை, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கட்டும் முறையில் எடுத்தோம். அது நின்றது கொழும்பில் அவர்கள் கம்ப்யூட்டர் திரையில் உடனே தெரிந்ததாம், போனிலும் சொன்னார்கள். ஆள் வந்தது மூன்றாம் நாள்.

பண்டாரவளை கணக்கு:
அது ஒப்பந்தம் எழுதியவரின் பிழை. நின்ற நேரத்துக்குக் காசு வாங்கினார்களா?

தலவாக்கலை மெக்கானிக்:
இதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறீர்கள். நின்ற மணிக்குக் காசு வேண்டாமாம்! ஒரு தொட்டியில் ஆயிரம் கிலோ கொழுந்து கிடக்கிறது. காற்று நின்று கொஞ்ச நேரத்தில் அடியில் கை விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். அப்புறம் சிவக்கும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்றால் 220 கிலோ போச்சு. அதை யார் தருவார்?
ஒருமுறை மழையில் ஹட்டனிலிருந்து ஒரு பாஸ், அதாவது மெசின் திருத்துகிற மெக்கானிக், மோட்டார் சைக்கிளில் வந்தார். பேரிங்கைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். விடியுமுன் விசிறி சுற்றியது. அந்த மனிதரை எந்தத் திரை அனுப்பும்? வழியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் கொழும்பு ஆள் அவிசாவளையோடு திரும்பவேண்டியதுதான்.

பண்டாரவளை கணக்கு:
அந்த பாஸ்மாருக்குக் கம்பனியே மாதச் சம்பளம் கொடுக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

தலவாக்கலை மெக்கானிக்:
நேற்று "ஏஜென்ட் எதற்கு" என்று எழுதியது யார்?

பண்டாரவளை கணக்கு:
ஏஜென்ட் வேறு, மெக்கானிக் வேறு.

ஹட்டன் பார்ட்ஸ் கடை:
அந்த பாஸுக்கு அன்று சம்பளம் கொடுத்ததே என் கடைதான்!

மஸ்கெலியா டீமேக்கர்:
பெல்ட் பில்லைப் படமெடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

தலவாக்கலை மெக்கானிக்:
பெல்ட் இருக்கட்டும். பண்டாரவளையாரே, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் ஒப்பந்தத்தை எடுங்கள். ஆள் வந்து சேர எத்தனை மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறது? அந்த எண்ணை மட்டும் போடுங்கள். நான் முழித்துத்தான் இருக்கிறேன்.