ராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூர், வாலிநோக்கம் பக்க மணல் தடம்: டயரில் எவ்வளவு காத்து?

டீசல்தம்பி: மஹிந்திரா தார் ஜீப், டீசல், மேனுவல், ஃபோர் வீல் டிரைவ், 18 இன்ச் டயர். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி உடங்காட்டுக்குள்ள (உடைமுள்ளுக் காடு) போற மணல் தடத்துல ஓட்டணும். காத்து எவ்வளவு இறக்கலாம்? சிக்குனா இழுக்க வேற வண்டி இல்ல அண்ணே.

மணல்மேடு: நாலு டயரும் 18 பிஎஸ்ஐ. சிக்குனா மட்டும் 15. 12-க்குக் கீழ போகாதீங்க, ஸ்டியரிங்கை ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும். ஈஎஸ்பியை (வண்டி சறுக்காம தானாப் பிடிக்கிற எலக்ட்ரானிக் கட்டுப்பாடு) ஆஃப் பண்ணுங்க. இல்லன்னா சக்கரம் வழுக்குன உடனே அது பவரைக் குறைக்கும், வண்டி அங்கேயே உக்காந்துரும். நிறுத்தணும்னா பிரேக்கைத் தொடாம ஆக்சிலேட்டரை விடுங்க. பிரேக் அடிச்சா டயருக்கு முன்னாடி மணல் வரப்பு கட்டிக்கும், திரும்ப எடுக்கிறப்ப அதைத்தான் முதல்ல ஏறணும். நின்ன வண்டியை 4எல் (நாலு சக்கரமும் இழுக்கிற லோ ரேஞ்ச்), ரெண்டாவது கியர்ல எடுங்க. சக்கரம் சும்மா சுத்துதுன்னா உடனே விட்டுருங்க. வந்த தடத்துலயே ரிவர்ஸ்.

உவர்க்காடு: மணலுக்கு 18 சரி. ஆனா காத்து இறங்குனா டயர் பக்கவாட்டுல பிதுங்கும், சீமைக்கருவேல முள்ளு அங்கதான் ஏறும். பக்கவாட்டு ஓட்டைக்கு பஞ்சர் குச்சி நிக்காது, ஸ்டெப்னிதான். ஜாக்கிக்கு அடியில வைக்க ஒன்றரை அடிப் பலகை இல்லாம இறங்காதீங்க.

மணலை விட மோசம் உப்புத்தரை. மேல வெள்ளையாக் காஞ்சு பொரிஞ்சு கிடக்கும், நாலு விரக்கடைக்குக் கீழ கறுப்புச் சேறு. எவ்வளவு காத்து இறக்குனாலும் காப்பாத்தாது. இறங்கி நடந்து கம்பியைக் குத்திப் பாருங்க. ஈரமா வந்தா சுத்திப் போங்க. ஐப்பசி மழைக்கப்புறம் தை முடியறவரை அந்தப் பக்கமே வேண்டாம். ஆடியில கச்சான் காத்து மணலை அள்ளித் தடத்தையே மூடிரும்.

டீசல்தம்பி: சிக்குனா சக்கரத்துக்கு அடியில பனைமட்டை போட்டா போதுமா?

மணல்மேடு: மட்டையைப் போடாதீங்க, கருக்கு டயரை அறுத்துரும். ஓலையை மட்டும் வெட்டிப் போடுங்க. அதுக்கு முன்னாடி மம்பட்டியால அச்சுக்கு அடியில இருக்கிற மணலை அள்ளணும். வண்டி வயித்துல உக்காந்திருந்தா ஓலை சுருண்டு பின்னாடிதான் பறக்கும், ஆளு அங்க நிக்கக் கூடாது.

உவர்க்காடு: கடற்கரையோரமா மட்டும் ஓட்டாதீங்க, தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடும். தார் ரோடு ஏறுனதும் காத்தடிச்சுட்டுத்தான் வேகம். அன்னிக்கே நல்ல தண்ணியில அடிப்பக்கம் முழுக்க பீச்சியடிங்க, பிரேக் டிஸ்க்கும் சேர்த்து.