மனைப்பிரிவுத் தெருவுக்கு விளக்கு: ஊராட்சி எதை வைத்து முடிவு செய்கிறது?

மேலத்தெரு:
வணக்கம். எங்கள் நகர் கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது. 38 வீடு, ஈபி கம்பம் 11. விளக்கு எரிவது நுழைவில் உள்ள இரண்டு கம்பத்தில் மட்டும். அடுத்த தெருவில் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. எந்தத் தெருவுக்குப் போடுவது என்று யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? மனு ஊராட்சிக்கா, மின்வாரியத்துக்கா? குடியிருப்போர் சேர்ந்து நாங்களே வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?

பதிவேடு:
தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110-இன்படி குடியிருப்புப் பகுதியில் உள்ள பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு வசதி செய்வது கிராம ஊராட்சியின் கடமை, கையில் உள்ள நிதிக்கு உட்பட்டு. குடியிருப்புக்கு வெளியே போகும் பாதைகள் பிரிவு 111-இல் வருகின்றன. அங்கே விருப்பம்தான், கட்டாயம் இல்லை. 38 வீடு உள்ள தெரு கடமைப் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் இரண்டு பிரிவிலும் உள்ள சொல் "பொதுச் சாலை". மனைப்பிரிவுகளில் விவகாரம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். மனை போட்டவர் சாலை நிலத்தை ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தச் சாலை காகிதத்தில் இன்னும் தனியார் நிலம்; அதில் பொதுப்பணம் செலவழித்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். இதை வெளிப்படையாகச் சொல்லாமல் "பார்க்கலாம்" என்றே நாளை ஓட்டுவார்கள். சாலை அமைந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் இருந்தால் அதில் பதிவாகியிருக்கும். இல்லையென்றால் முதல் வேலை விளக்கு மனு அல்ல, அந்தப் பத்திரத்தை எழுதி வாங்குவது.

அது சரியாக இருந்தால் மனு ஊராட்சிக்கு. தலைவர் இருக்கும் ஊரில் தலைவரிடம். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் நடந்ததுபோல் பதவிக்காலம் முடிந்து தலைவர் இல்லாத ஊரில், தனி அலுவலராக இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம். கிராம சபையிலும் வையுங்கள். வருடத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தின் வாசகம் முக்கியம். "தெருவிளக்கு வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து யாராலும் மதிப்பீடு போட முடியாது. "3-ஆவது வார்டு, இரண்டாவது குறுக்குத் தெரு, கம்பம் எண் 5, 7, 8, 11 ஆகியவற்றில் 20 வாட் எல்இடி, மொத்தம் 4" என்று எழுதச் சொல்லுங்கள். கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண் அழிந்திருந்தால் எதிரே உள்ள கதவு எண்ணைச் சேருங்கள்.

செலவை ஊராட்சிப் பொது நிதியிலோ, மத்திய நிதிக்குழு மானியத்தில் நிபந்தனையற்ற பங்கிலோ எடுப்பார்கள். 15-ஆவது நிதிக்குழுவில் (2021-26) அந்தப் பங்கு 40 சதவீதமாக இருந்தது. மீதி 60 குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, அதை விளக்குக்குத் தொட முடியாது.

எல்டி_லைன்:
மேலே சொன்னது காகிதப் பக்கம். கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

கம்பிகளை எண்ணுங்கள். மூன்று பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) என்று நான்கு மட்டும் போனால் அந்த லைனில் தெருவிளக்குக் கம்பி இல்லை. ஐந்தாவதாக ஒன்று போனால் அதுதான் தெருவிளக்குக்கான பேஸ். சிங்கிள் பேஸ் லைனில் இரண்டுக்கு மேல் மூன்றாவது இருக்க வேண்டும். உறை போட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிய ஏபி கேபிள் என்றால் அதற்குள் மெல்லிய கோர் ஒன்று தனியாக வரும். இந்தக் கம்பி தெருவிளக்குக்கான மீட்டர் பெட்டி வழியாக வருவதால்தான் மாலையில் ஒரே சுவிட்சில் தெரு முழுக்க எரிகிறது, காலையில் அணைகிறது.

புது மனைப்பிரிவுகளில் வீட்டு இணைப்புக்காக மட்டும் லைன் இழுத்திருப்பார்கள், ஐந்தாவது கம்பி போட்டிருக்க மாட்டார்கள். கம்பி இருக்கும் தெருவில் விளக்குப் போட கிளாம்ப், பைப், விளக்கு, கொஞ்சம் ஒயர் போதும். இல்லாத தெருவில் கம்பி, இன்சுலேட்டர், ஆள்கூலி எல்லாம் சேரும். அதனால் கைவசம் உள்ள பணத்துக்கு அதிக எண்ணிக்கை காட்ட நினைக்கும் ஊராட்சி, கம்பி இருக்கும் தெருவிலேயே மேலும் மேலும் மாட்டிக்கொண்டு போகும். அடுத்த தெருவில் கம்பத்துக்குக் கம்பம் எரிவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இது முறையான முன்னுரிமை அல்ல. இருட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கம்பி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது தவறு என்றே சொல்வேன்.

மேலத்தெரு:
நன்றி ஐயா. இப்போதுதான் போய் எண்ணினேன். ஐந்தாவது கம்பி நான்காவது கம்பத்தோடு நின்றுவிடுகிறது. மீதி ஏழு கம்பத்துக்கும் நீட்ட நாங்களே பணம் கட்ட முடியுமா? சிலர் வீட்டு பேஸிலிருந்து, அதாவது கம்பத்தில் வீடுகளுக்குப் போகும் கம்பியிலிருந்து, எடுத்து மாட்டலாம் என்கிறார்கள்.

எல்டி_லைன்:
வீட்டு பேஸில் கட்டாதீர்கள். மீட்டர் வழியாக வராத விளக்கு மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-இல் மின்திருட்டு. அதோடு அந்த விளக்கை அணைக்க வழி கிடையாது, பகலிலும் எரியும். பழுது பார்க்க ஏறுபவர் தெருவிளக்கு சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கை வைப்பார். அதில் மட்டும் கரண்ட் இருக்கும். உயிர் போகிற வேலை.

சரியான வழி: ஊராட்சி தீர்மான நகலோடு பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் வந்து பார்த்து மதிப்பீடு தருவார், டெபாசிட் ஒர்க் முறையில் (கேட்பவரே செலவை முன்கூட்டிக் கட்டுவது) பணம் கட்டியதும் கம்பி இழுப்பார்கள். பணம் உங்கள் சங்கத்தின் பங்களிப்பாக இருந்தாலும் ஊராட்சி வழியாகவே போகட்டும், ஏனென்றால் மாதாமாதம் பில் கட்டப்போவது ஊராட்சி. மீட்டருக்கு அனுமதித்த மின்பளுவில் (ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சார அளவு) இடம் இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூடுதல் பளுவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

சாய்கோணம்:
எத்தனை விளக்கு கேட்பது என்பதையும் யோசியுங்கள். வெளிச்சம் விட்டுவிட்டு வராமல் சீராக விழ வேண்டுமானால் விளக்கு மாட்டும் உயரத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு தூரத்தில் அடுத்தது இருக்க வேண்டும். 6 மீட்டரில் மாட்டினால் 18 முதல் 24 மீட்டர். ஈபி கம்பங்கள் 40 மீட்டர் தள்ளி நின்றால் எல்லாக் கம்பத்திலும் போட்டாலும் நடுவில் இருட்டுத்தான். போக்குவரத்து குறைந்த சிறு சாலைக்கு தெருவிளக்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1944 சொல்வது சராசரி 4 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு). கிராமத் தெருவில் அதை எட்டுவது கடினம். ஆகவே வரிசையாகக் கேட்காமல் முச்சந்தி, வளைவு, மூடாத கிணறு, குழாயடி, பிள்ளைகள் டியூஷன் முடிந்து இறங்கும் நிறுத்தம் இவற்றுக்கு அருகில் உள்ள கம்பங்களை முதலில் குறியுங்கள். அமாவாசையை ஒட்டி, வாசல் விளக்குகள் அணைந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு நடை நடந்தால் எந்தக் கம்பம் என்று தெரிந்துவிடும்.

உயர்கோபுர விளக்கு கேட்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதியில் வந்துவிடும், பில் ஊராட்சி தலையில் விழும். 200 வாட் எட்டு விளக்கு என்றால் 1600 வாட். அதே மின்சாரத்தில் 20 வாட் விளக்கு 80 எரியும். நாற்சந்தி, பேருந்து நிலையத்துக்கு அது சரி, குறுக்குத் தெருவுக்கு வீண். 20 வாட் விளக்கு இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 87.6 யூனிட். மனுவில் இந்தக் கணக்கை எழுதுங்கள். பில் ஏறிவிடுமோ என்று தயங்குபவருக்கு இதுதான் பதில்.

பதிவேடு:
ஒன்று விட்டுப்போனது. நகருக்குள் நுழையும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அந்த ஓரத்தில் கம்பம் நட அவர்கள் அனுமதி வேண்டும். அந்த இரண்டு மூன்று விளக்கைத் தனி மனுவாகக் கொடுங்கள். ஒன்றாகக் கொடுத்தால் ஒரு கடிதம் நிற்கும்போது உள்தெரு வேலையும் சேர்ந்து நின்றுவிடும்.

எல்டி_லைன்:
மாட்டும்போது கவனிக்க: எல்இடி பழுதாவது பெரும்பாலும் டிரைவரில், அதாவது உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதியில். மழைக்காலத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறும், தெரு விளக்குகள் ஒரே இரவில் போய்விடும். சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு உள்ள விளக்காகக் கேளுங்கள், தூசியும் நீரும் புகாத தரம் ஐபி 65-க்குக் குறையாமல். ஒயர் நுழையும் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், வெளியே ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்துக் கட்டினால் மழைநீர் அதன் வழியே உள்ளே போகாது. மீட்டர் பெட்டியில் பேட்டரி இல்லாத பழைய டைம் ஸ்விட்ச் இருந்தால் மின்தடை எவ்வளவு நேரமோ அவ்வளவு பிந்தி ஓடும்; சூரிய அஸ்தமனத்தைத் தானே கணக்கிடும் வகையை மாற்றச் சொல்லுங்கள். மாட்டிய தேதியை விளக்கின் அடிப்பக்கத்தில் பெயிண்டால் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் போனால், கீழே நின்று அதைப் படித்துவிட்டே மாற்று கேட்கலாம்.